கேஸ் குறைந்துவிட்டதா?

சித்திரை வெயில் ஏறினாலே ஏசி மெக்கானிக்கைத் தேடி அலைகிறோம். வருகிறவர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "சார், கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திடலாம்."

அடுப்பு சிலிண்டர் மாதிரி ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. நல்ல மெக்கானிக் முதலில் அந்தக் கசிவைத் தேடுவார். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஓட்டையை அடைத்து, வாக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்த பிறகுதான் கேஸ். அதையும் தராசில் நிறுத்து, வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் கிராம் கணக்குப்படிதான் ஏற்றுவார். இப்போது பரவலாக வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது. கைப்பழக்கம் இல்லாதவரிடம் கொடுக்கவே கூடாது.

போன கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி, ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். ஒரு கை தூசி விழுந்தது. கழுவி மாட்டியதும் குளிர் வந்துவிட்டது. "கேஸ் சரியாத்தான் இருக்கு அம்மா" என்று சர்வீஸ் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அவர் நம்பரைக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.