ஒரு பக்கச் சாட்சியும் முல்லைப் பெரியாறும்
(பண்ணைப்புரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



புராணத்தை நம்பாதீர்கள் என்று நாம் சொன்னால் நீங்கள் கை தட்டுகின்றீர்கள். ஆனால் உங்கள் கட்சிப் பத்திரிகையை, உங்கள் பாஷைத் தொலைக்காட்சியை, உங்கள் செல்போனில் வந்து விழும் சங்கதியைக் கொஞ்சம் சந்தேகியுங்கள் என்றால் உங்களில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகின்றது. புராணம் படித்தவன் ஒரே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்து அதுவே உலகம் என்றான். நாம் நமக்குப் பிடித்த ஒரே சங்கதியைப் பத்துப் பேர் வாயால் கேட்டு, பத்துச் சாட்சி கிடைத்துவிட்டது என்கின்றோம். இரண்டிற்கும் என்ன வித்தியாசம்? பத்துப் பேரும் ஒருவனிடம் கேட்டுச் சொன்னால் அது ஒரே சாட்சிதானே!

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் பள்ளத்தாக்குக்குச் சோறு போடும் பெரியாற்று அணையே போதும்.

2011-ம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களை நினைத்துப் பாருங்கள். அணை உடைவதுபோல் கதை கட்டிய ஒரு சினிமாப் படம் நவம்பரில் வந்தது. தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தார்கள். மலைக்கு அப்பால் மலையாளப் பத்திரிகைகள் அணை இன்றைக்கோ நாளைக்கோ போய்விடும் என்ற பாணியில் எழுதின. மலைக்கு இப்பால் நம் பத்திரிகைகள் அங்கே பயம் என்பதே இல்லை, அத்தனையும் தண்ணீரைத் தடுக்கும் சூழ்ச்சி என்ற பாணியில் எழுதின. அவர்கள் எழுதியதை நாம் படிக்கவில்லை; நாம் எழுதியதை அவர்கள் படிக்கவில்லை. பலன் என்ன? குமுளி வழியாகப் போக்குவரத்து நின்றது. இடுக்கி ஏலத் தோட்டங்களில் கூலி வேலை செய்த நம் மக்கள் உயிருக்குப் பயந்து மலை இறங்கி ஓடி வந்தார்கள். இங்கே மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. அங்கே அடிபட்டவன் கூலிக்காரன். இங்கே அடிபட்டவன் டீக்கடைக்காரன். இவர்களில் எவன் அணையைக் கட்டினான், எவன் அதைப் பூட்டி வைத்தான்?

சரி, உண்மை என்ன? 1886-ல் திருவாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை முடிந்தது. 1979-ல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. பிறகு அணையைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 142 அடி தேக்கலாம் என்றது. கேரளம் உடனே ஒரு சட்டம் செய்து அதைத் தடுத்தது. 2014 மே 7-ந் தேதி அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அவ்வருஷம் நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது, அணையும் நின்றது.

இவ்வளவும் நமக்குச் சாதகம்; ஆகவே நமக்கு மனப்பாடம். ஆனால் 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்பிக்கு மேலே இருந்த அணை உடைந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மாண்டதையும், அணைக்குக் கீழே குடியிருப்பவனுக்கு அதைக் கேட்டால் தூக்கம் வராது என்பதையும் நம்மில் எத்தனை பேர் சொல்லுகின்றோம்? 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது அதே சுப்ரீம் கோர்ட், அம்மாத முடிவு வரை 139.99 அடிக்கு மேல் போகாமல் வைத்திருக்கச் சொன்னதை எத்தனை பேர் சொல்லுகின்றோம்? தீர்ப்பில் இனிப்பை மட்டும் பொறுக்கித் தின்பவன் தீர்ப்பை மதிப்பவனாவானா?

அன்றியும் அணைக்குக் கீழே இருப்பது யார்? வண்டிப்பெரியாறு. அங்கே தேயிலை பறிப்பவர்களில் ஏராளமானோர் நம் தமிழர்களே. அவர்கள் பயத்தை மலையாளி நாடகம் என்று நாம் சொல்லுவது நம் ரத்தத்தையே நாம் ஏசுவதாகும்.

இன்னும் ஒன்று. அணையைப் பரிசோதிக்க நீதிபதி ஆனந்த் தலைமையில் சுப்ரீம் கோர்ட் நியமித்த கமிட்டியில் கேரளத்தின் சார்பில் இருந்தவர் கே.டி. தாமஸ். அவர் சாட்சியங்களைப் பார்த்து அணை பத்திரமாக இருக்கின்றது என்ற முடிவுக்கு உடன்பட்டார். அவருடைய ராஜ்யத்திலேயே அவரை ஏசினார்கள். நாம் அவரைப் புகழ்கின்றோம். புகழ்வது சுலபம். நமக்குப் பாதகமான ஒரு உண்மையை நம் ஆள் ஒருவர் எழுந்து சொன்னால் அவரை இந்தப் பண்ணைப்புரத்தில் மேடையேற்றுவோமா, துரோகி என்போமா? அதைச் சொல்லுங்கள் முதலில்!

பென்னிகுவிக் துரை விஷயமும் அப்படியே. அணை கட்டிய இஞ்சினீயரை மறவாதது நல்ல குணம்தான். ஆனால் படத்திற்குச் சூடம் காட்டிப் பொங்கல் வைத்து, அவர் சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று கதை பேசுகின்றோம். கட்டியது சென்னை சர்க்கார் பணத்தில். இதைச் சொன்னால் கோபம் வருகின்றது. ஒரு மனிதனின் திறமையும் உழைப்பும் போதாதென்று கதையும் சேர்க்க வேண்டுமா? இப்படித்தானே மனிதர்கள் எல்லாம் சாமிகளானார்கள்!

அப்படியானால் நம் உரிமையை விட்டுவிடுவதா என்று சிலர் கேட்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீரையும் விட வேண்டாம். எதிரி வக்கீலின் வாதத்தைப் படிக்காமல் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் வழக்கைத் தோற்பான். அடுத்தவன் வாதத்தைக் கேட்பது பெருந்தன்மை அல்ல, பலம்.

அதற்கு வழியும் நம்மிடம் இருக்கின்றது. இவ்வூர்ப் பாவலர் வரதராசன் 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலையேறிப் போய்ப் பாடியவர். இன்றும் இப்பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகின்றார்கள். இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்ப்பவர்கள் அவர்கள். மலையாளம் படிக்கத் தெரிந்தவரும் நம்மிடையே உண்டு. அடுத்த முறை செல்போனில் அணை உடைந்தது என்றோ, தமிழனை அடித்தார்கள் என்றோ வந்தால் அதை அடுத்தவனுக்கு அனுப்பும் முன் அவர்களிடம் கேளுங்கள். யார் பார்த்தது, எப்போது, இதனால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். நம் கூட்டத்துக்கு இனிக்கும் செய்தியானால் இரண்டு தடவை கேளுங்கள்.

தோழர்களே! நாம் சொன்னதையும் இதே தராசில் போடுங்கள். உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். ஆனால் தள்ளும் முன் ஒரு தடவை முழுவதும் கேட்டோம் என்ற யோக்கியதையாவது நமக்கு இருக்கட்டும்.