தோட்டக் காணிக்கு எது மதிப்பு?

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வரி கொடுக்க மாட்டோம் என்று சொல்ல நாம் இங்கு கூடவில்லை. நியாயமான வரி எது என்று கேட்கவே கூடியுள்ளோம்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இருவகை வரிகளை வகுத்துள்ளது. அபிவிருத்தியடைந்த பகுதியிலுள்ள ஆதனங்களுக்கு, ஆண்டுப் பெறுமதியின் மீது ஆதனவரி. அதற்கு வெளியே பயிர்செய்யப்படும் காணிகளுக்கு ஏக்கர் வரி.

வலிகாமத்திலோ வீடும் தோட்டமும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. இரண்டு பரப்பில் வீடு. எட்டுப் பரப்பில் வெங்காயமும் புகையிலையும். ஊர் அபிவிருத்திப் பகுதியெனப் பிரகடனஞ் செய்யப்பட்டதும் வளவு முழுவதும் ஆதனவரிக்குள் வந்துவிடுகிறது.

ஆண்டுப் பெறுமதி என்பது விற்பனை விலையன்று. குத்தகைக்கு எடுப்பவர் நியாயமாகக் கொடுக்கக்கூடிய ஓராண்டு வாடகையே. வெளிநாட்டுப் பணம் காணி விலையை உயர்த்தலாம். அதனால் செம்மண் ஓர் அந்தர் வெங்காயத்தையேனும் கூடுதலாகத் தருமா?

ஆகவே வீட்டுக்கு வீட்டு வாடகையும் தோட்டத்துக்குத் தோட்டக் குத்தகையும் தனித்தனியே கணிக்கப்படல் வேண்டும்.

மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் பெட்டியிற் பூட்டி வைக்காதீர்கள். அதிற் குறித்த தவணைக்குள் பரப்புக் கணக்கையும் குத்தகைக் கணக்கையும் காட்டி, எழுத்தில் ஆட்சேபியுங்கள். சட்டமறிந்த பெரியோர்களே, உங்கள் அயலிலுள்ள கமக்காரருக்கு அதனை எழுதிக் கொடுங்கள். தவணை கடந்தபின் எழுப்பும் கூக்குரலைச் சட்டம் கேளாது.