பாட்டுக்கு வரும் பணம் யார் கைக்கு?
(சுரண்டையில் நிகழ்த்திய உரை)



கொடை விழாவிலே வில்லடித்துப் பாடும் கலைஞரை நாம் அறிவோம். சந்தையில் மூட்டை சுமக்கும் தோழரும், பீடி சுற்றும் தாயும் விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறோம். அந்தப் பாட்டை ஒலிநாடாவில் பதிந்து விற்றபோது, பாடியவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே தடவைக் கூலி. பிறகு வந்த லாபம் எவர் பெட்டிக்குப் போயிற்று?

இசைத்தட்டுக் காலத்தில், கல்கத்தா கிராமபோன் கம்பெனி நாட்டுச் சந்தையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தது. தட்டு அச்சிடப் பெரிய ஆலை வேண்டும். நாடா பதியச் சிறு அறை போதும். ஆகவே 1980களில் சிறு கம்பெனிகள் முளைத்தன. ஏகபோகம் ஆட்டம் கண்டது. நாட்டுப் பாடல்களும் வீட்டுக்கு வந்தன. இது நல்லதுதான். ஆனால் முதலாளி சிறியவரானதால் மட்டும் பாடகரின் கூலி பெரிதாகிவிடவில்லை!

வசூலிக்கும் உரிமை யாருக்கு?

இசைக் கம்பெனிகள் 1941இல் பி.பி.எல். என்ற அமைப்பை நிறுவின. ஓட்டல்களிலும் விழாக்களிலும் பாட்டுப் போட்டால் அது கட்டணம் வசூலிக்கும். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பின், பதிப்புரிமைச் சங்கங்கள் புதிதாகப் பதிய வேண்டியதாயிற்று. 2021இல் பி.பி.எல்.லின் மனு நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆர்.எம்.பி.எல். என்ற வேறொரு சங்கம் பதிவு பெற்றது. பெரிய கம்பெனிகள் பலவற்றின் பாடல்களோ பி.பி.எல். வசமே நின்றன.

பதிவில்லாமல் வசூலிக்கலாமா? கூடாது என்று 2025 ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்ற அமர்வு கூறியது, ஆர்.எம்.பி.எல். கட்டண விகிதப்படியே செலுத்தவும் கட்டளையிட்டது. அதே மாதம் உச்சநீதிமன்றம் அக்கட்டளைக்குத் தடை விதித்தது.

மில் தொழிலாளிக்கு இது விளங்காததல்ல. சந்தா வாங்கும் சங்கத்திடம் பதிவு எங்கே, ரசீது எங்கே, கணக்கு எங்கே என்று நாம் கேட்கிறோம். பெரிய கம்பெனிகளின் அமைப்பானாலும், அதற்கு எதிரே நிற்கும் அமைப்பானாலும் இதே கேள்விதான்.

நாம் செய்ய வேண்டியது

ஒலிபெருக்கி வைத்திருக்கும் தோழர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உண்மையான மதச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும், அதைச் சார்ந்த விழாவிலும் பாட்டுப் போடுவது உரிமை மீறல் அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கல்யாண வீட்டில் இதற்குக் கட்டணம் கேட்கக் கூடாதென்று 2023 ஜூலையில் மத்திய அரசும் அறிவித்தது. மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம்!

கலைஞர்களே! பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கை 2012 திருத்தம் உறுதி செய்கிறது. அதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வியாபாரத்துக்குப் பயன்படும் பாட்டில் பாடகருக்கும் ராயல்டி உண்டு. ஆனால் ஏட்டில் இருக்கும் உரிமை தானாக வீடு தேடி வராது.

படித்துப் பாராமல் கையெழுத்திடாதீர்கள். தனியே போய்ப் பேரம் பேசாதீர்கள். கம்பெனிகள் சங்கம் வைத்துப் பேசும்போது, பாடுகிறவர் மட்டும் ஒற்றையாக நிற்கலாமா? ஒன்று சேருவோம், கணக்குக் கேட்போம்!