தென்னை மரத்துக்குள்ள ஒரு 44 மாசக் கியூ

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம பேசப்போறது தென்னை மரம். டெக் பாட்காஸ்ட்ல தென்னை மரமான்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்ணிப் பார்க்க இதைவிட சுவாரசியமான சிஸ்டம் எனக்குக் கிடைக்கல. காரணம் ஒண்ணுதான்: இதுல இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட நாலு வருஷ இடைவெளி இருக்கு.

எப்படின்னு சொல்றேன். நல்லா வளர்ந்த தென்னை மாசத்துக்கு ஒரு மட்டை விடும். வருஷத்துக்கு 12-லேர்ந்து 14. ஒவ்வொரு மட்டையோட இடுக்குலயும் ஒரு பாளை. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரியாத விஷயம், அந்தப் பாளை வெளிய வெடிக்கிறதுக்கு சுமார் 32 மாசம் முன்னாடியே குருத்துக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மொட்டா அது ஆரம்பிச்சிடுது. வெடிச்ச பிறகு குரும்பையாகி, இளநீராகி, முத்தின தேங்காயாக இன்னும் 11, 12 மாசம். கூட்டினா சுமார் 44 மாசம். நேத்து சட்னிக்கு அரைச்ச தேங்காய் தன் வேலையை ஆரம்பிச்சப்போ நீங்க ஒருவேளை வேற கம்பெனியில இருந்திருப்பீங்க.

அதாவது நீங்க ஒரு மரத்தை அண்ணாந்து பார்க்கிறப்போ கண்ணுக்குத் தெரியிறது கடைசி 12 மாச ஸ்டாக் மட்டும்தான். அதுக்கு முன்னாடி 30-க்கும் மேல பேட்ச் உள்ள வரிசையில நிக்குது. புரோகிராமருக்கு இது ரொம்பப் பழக்கமான பொருள்: கியூ.

பாகூர்ல எங்க பெரியப்பாவுக்கு ஒரு தோப்பு இருக்கு. 2018-ல ஒருநாள் அவர்கிட்ட காய் எப்படி பெரியப்பான்னு கேட்டேன். "மழை பெஞ்சுடுச்சுடா தம்பி, மரம்தான் இன்னும் பஞ்சத்துலயே இருக்கு"ன்னார். அப்போ அதைச் சும்மா ஒரு புலம்பலாத்தான் எடுத்துக்கிட்டேன். இப்ப யோசிச்சா, அது ஒரு டைம்-லேக் மாடலோட சரியான விளக்கம்.

2016 ஞாபகம் இருக்கா? வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு, புதுச்சேரி பக்கம் சராசரியைவிட 62 சதவீதம் குறைவா பெஞ்ச வருஷம். அந்த டிசம்பர்ல ஒரு மரத்துக்குள்ள உருவாக ஆரம்பிச்ச பாளை 2019 ஆகஸ்ட் வாக்குல வெடிக்கும், அதோட தேங்காய் 2020 ஆகஸ்ட்ல வெட்டுக்கு வரும். அதே டிசம்பர்ல ஏற்கனவே வெடிச்சிருந்த பாளையில குரும்பை கொட்டும், அந்த அடி 2017-லயே தெரியும். நடுவுல பெண் பூக்கள் உருவாகுற கட்டத்துல மாட்டின பாளைகளோட அடி இந்த ரெண்டுக்கும் இடையில எங்கயோ விழும். ஒரு வறட்சி, மூணு நாலு வருஷத்துக்குத் தவணை முறையில வசூல் பண்ணுது.

இதை நானே பைத்தான்ல எழுதிப் பார்த்தேன். 44 இடம் உள்ள ஒரு லிஸ்ட். ஒவ்வொரு மாசமும் எல்லா பேட்சும் ஒரு இடம் முன்னாடி நகரும். கடைசி இடத்துல இருக்கிறது வெட்டுக்குப் போகும், முதல் இடத்துல புதுசு ஒண்ணு சேரும். மாச மழையை வெச்சு மண் ஈரத்துக்கு 0-லேர்ந்து 1-க்குள்ள ஒரு எண். அந்த எண்ணை எல்லா பேட்சுக்கும் ஒரே மாதிரி பெருக்கக் கூடாது; எந்தக் கட்டத்துல இருக்கோ அதுக்கேத்த மாதிரி அடி குறையும், கூடும். அவ்வளவுதான், 60 வரி. ஓடவிட்டா 2017-ல ஒரு பள்ளம், அப்புறம் மெதுவா இழுத்துக்கிட்டே போற ஒரு வால்.

இது வெறும் பொம்மை. நிஜ மாடல் எப்படி இருக்கும்னு பார்த்தா, அதுக்கு வேர் நம்ம நாட்டுலயே இருக்கு. டெல்லியில இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இன்ஃபோகிராப்னு ஒரு பயிர் சிமுலேஷன் உருவாக்கினாங்க. அதை ஃபோர்ட்ரான் சிமுலேஷன் டிரான்ஸ்லேட்டர்ல எழுதினாங்க. (ஃபோர்ட்ரானா-ன்னு சிரிக்காதீங்க, உலகத்துல பாதி வானிலை கணிப்பு இன்னும் அதுலதான் ஓடுது.) அதுல தென்னைக்குன்னு ஒரு பதிப்பை, காசர்கோட்டுல இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் நரேஷ் குமார், கஸ்தூரி பாய், ராஜகோபால், இவங்களோட டெல்லியிலேர்ந்து அகர்வால், நாலு பேரும் சேர்ந்து 2008-ல வெளியிட்டாங்க. காசர்கோட்டுல தென்னை ஆராய்ச்சி 1916-லேர்ந்து நடக்குது, அதனால ஒப்பிட்டுப் பார்க்க பழைய டேட்டாவுக்குப் பஞ்சமில்ல.

அந்த மாடல் நாள் நாளா நகரும். அன்னைக்கு எவ்வளவு வெயில் விழுந்துச்சு, ஓலை எவ்வளவு பிடிச்சுது, அதுல எவ்வளவு சத்தாச்சு, அது வேருக்கு எவ்வளவு, தண்டுக்கு எவ்வளவு, காய்க்கு எவ்வளவுன்னு பங்கு போடும். மண்ணுல தண்ணி குறைஞ்சா பங்கும் குறையும். நெல்லுக்கு இதைச் செய்யிறது சுலபம், நாலு மாசத்துல கதை முடிஞ்சிடும். தென்னையில எந்த நாள்லயும் பூ, குரும்பை, இளநீர், முத்தின காய் எல்லாம் ஒரே மரத்துல ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடுது. மாடலுக்கு உண்மையான தலைவலி அங்கதான்.

2013-ல அதே நரேஷ் குமாரும் அகர்வாலும் இதை வெச்சு, பருவநிலை மாறினா இந்தியாவுல தென்னை என்னாகும்னு ஓட்டிப் பார்த்தாங்க. மேற்குக் கடற்கரை, கேரளா, தமிழ்நாட்டுல சில பகுதிகள்ல மகசூல் கூடலாம்னு வந்துச்சு. ஆந்திரா, ஒடிசா, மேற்கு வங்கம், குஜராத், தமிழ்நாட்டோட வேறு சில பகுதிகள்ல குறையலாம்னு வந்துச்சு. தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனா அந்த ஆய்வுச் சுருக்கத்துல ஒரு அடைப்புக்குறி இருக்கு, என்னைப் பொறுத்தவரை முழுப் பேப்பரும் அதுலதான் நிக்குது. மகசூல் கூடும்னு சொன்ன இடத்துல, இப்ப கிடைக்கிற தண்ணியும் பராமரிப்பும் அப்பவும் கிடைச்சா-ன்னு போட்டிருக்காங்க.

இப்ப அந்த அடைப்புக்குறியை பாகூர்ல கொண்டு வந்து வைங்க. பாகூர் ஏரிக்கு தென்பெண்ணைத் தண்ணி பங்காரு வாய்க்கால் வழியா வரணும். வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரியும் சங்கராபரணியும். ஆனா தோப்புக்குப் பாயிற தண்ணியில பெரும்பங்கு போர்வெல்லேர்ந்து வருது. புதுச்சேரியோட நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டதுன்னு மத்திய நிலத்தடி நீர் வாரியமே வகைப்படுத்தியிருக்கு. கடலோரத்துல உப்பு உள்ள வருது. "இப்ப கிடைக்கிற தண்ணி" இப்பவே நிரந்தரமில்ல.

சரி, இதுல காசு எங்க இருக்கு? பல தோப்புகள் குத்தகைக்குப் போகுது. குத்தகைக்கு எடுக்கிறவர் தோப்புக்கு வந்து என்ன பார்க்கிறார்? குலையை எண்ணுவார். அதாவது கியூவோட கடைசிப் பன்னிரண்டு இடத்தைப் பார்த்து மூணு வருஷத்துக்கு விலை பேசுறார். வறட்சி முடிஞ்ச மறுவருஷம் வந்தவர் ஓரளவு தப்பிக்கலாம், ரெண்டு வருஷம் கழிச்சு "மழைதான் நல்லா பெஞ்சிருக்கே"ன்னு நம்பி வந்தவர் மாட்டிக்குவார். பேரம் பேசுற ரெண்டு பேருக்குமே உள்ள நிக்கிற 30 பேட்ச் தெரியாது.

காப்பீடும் அதே கதைதான். தென்னை வளர்ச்சி வாரியம் 2009-ல முன்னோட்டமா ஆரம்பிச்ச தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம், 15 வயசு வரைக்கும் மரத்துக்கு 900 ரூபாய், அதுக்கு மேல 60 வயசு வரைக்கும் 1750 ரூபாய்னு கணக்கு வெச்சிருந்துச்சு. எப்போ கிடைக்கும்? மரம் செத்தா, இல்ல இனிமே பிரயோஜனமே இல்லைன்னு ஆனா. உயிரோட நின்னு மூணு வருஷம் பாதிக் காய் காய்க்கிற மரத்துக்கு அதுல கட்டமே கிடையாது. மரத்தைச் சொத்தா பார்க்கிற திட்டம் அது. விவசாயிக்கு அது மாசச் சம்பளம்.

ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கோங்க. 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சு, ஒரே நாள்ல சுமார் 46 செ.மீ. மழை. அப்புறம் தென்பெண்ணையில வெள்ளம் வந்து பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்துச்சு. நிவாரணக் கணக்கு சில வாரத்துல முடிஞ்சிடும். மரத்தோட கணக்குப்படி அன்னைக்கு உருவான பாளை 2027 நடுவுலதான் வெடிக்கும், காய் 2028-ல. தண்ணி தேங்கி நின்ன வேர் எவ்வளவு அடி வாங்குச்சுன்னு என் 60 வரிக்குச் சொல்லத் தெரியாது, அது வறட்சியை மட்டும்தான் பார்க்குது. காத்துல குருத்து முறியிறது, வெள்ளை ஈ, இதெல்லாமும் அதுல இல்ல. அதனால நாளைக்கே ஒரு ஆப் போட்டு விவசாயிகளுக்குக் குடுக்கிறேன்னு நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்றவங்களைப் பார்த்தா, எந்தத் தோப்போட வெட்டுக் கணக்குல சரிபார்த்தீங்கன்னு கேளுங்க.

ஏன்னா உண்மையான தட்டுப்பாடு அதுதான். மழை டேட்டா வானிலை ஆய்வு மையத்துல கிடைக்கும். ஆனா பாகூர்ல இந்தத் தோப்புல, இந்த வெட்டுல எத்தனை காய்-ங்கிறது எந்த சர்வர்லயும் இல்ல. அது நோட்டுல இருக்கு. பெரியப்பா 45 நாளைக்கு ஒரு வெட்டுன்னு தேதி போட்டு, காய் எண்ணிக்கை, வெட்டுக்கூலி, வியாபாரி குடுத்த விலை எல்லாம் எழுதி வெச்சிருக்கார். 2011 தானே புயலுக்குப் பிறகு நாலஞ்சு பக்கத்துல வெறும் கூலி மட்டும்தான் இருக்கு. அந்த நோட்டை நான் இப்ப ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்திக்கிட்டிருக்கேன். 2017-லேர்ந்து 2020 வரைக்கும் முடிஞ்சதும் என் கோடு மேல அவர் கோட்டைப் போட்டுப் பார்க்கணும்.

உங்க வீட்டுலயும் தாத்தாவோ சித்தப்பாவோ இப்படி ஒரு வெட்டு நோட்டு வெச்சிருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அவர்கிட்ட கேட்டு பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வைங்க. தேதி தெரியிற மாதிரி எடுங்க. ரெண்டு கோடும் எப்படி வருதுன்னு அடுத்த எபிசோடுல காட்டுறேன்.