கிருமிக்கும் தாயத்து உண்டா?



ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்த ஒருவர், பிறகு புண் சீழ்பிடித்து இறந்துபோனால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "டாக்டர் என்ன செய்வார், அவன் தலைவிதி" என்கிறார்கள். அப்படிப்பட்ட தலைவிதிகளில் ஒன்றுக்குப் பெயர் உண்டு. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்பது அதன் பெயர். குழாயடி, கைகழுவும் தொட்டி முதலிய ஈரமான இடங்களில் தங்கியிருந்து, தீப்பட்ட புண்ணிலும், செயற்கைச் சுவாசம் பெறும் நோயாளியின் நுரையீரலிலும் குடிபுகும் கிருமி அது.

அது, இடத்துக்கும் உணவுக்கும் போட்டியாக வரும் வேறு கிருமிகளையும் கொல்லுகிறது. எப்படியென்றால், தன்னுள் ஈட்டி போன்ற ஒரு குழலை வைத்திருந்து, பக்கத்துக் கிருமியைக் குத்தி விஷத்தைச் செலுத்துகிறது. இக்கிருமியின் ஒரு வகையிலுள்ள டாஸ்1 என்னும் விஷத்தைப்பற்றி, கனடா மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஜான் விட்னியும் அவரோடு உழைத்தவர்களும் 2019-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். உயிரணு தன் வேலைகளுக்கெல்லாம் செலவழிக்கும் ஏ.டி.பி. என்ற சரக்கை அவ்விஷம் தீர்த்துவிடுகிறது. கையிருப்புத் தீர்ந்த கடை மூடுவதுபோல் எதிரிக் கிருமி செத்துப்போகிறது.

அப்படியானால் விஷத்தை வைத்திருக்கிற கிருமியே ஏன் சாகவில்லை? தாயத்துக் கட்டியிருக்கிறதா? மந்திரித்த கயிறா? ஒன்றுமில்லை. விஷத்தை அடக்கும் டிஸ்1 என்ற மாற்றுப் புரதத்தையும் கூடவே செய்து வைத்திருக்கிறது. மாற்று இருப்பது பிழைக்கிறது; இல்லாதது சாகிறது. இதில் நேர்த்திக்கடனுக்கு இடமெங்கே?

"இதுவும் பகவான் சிருஷ்டிதான்" என்று சொல்ல வருகிறவர்களை நாம் கேட்கிறோம்: கிருமிக்கு ஈட்டியும் விஷமும் மாற்றும் செய்து கொடுத்த கருணைக்கடல், புண்பட்டுக் கிடக்கும் நோயாளிக்கு என்ன செய்து கொடுத்தார்?

நோயாளிக்கு மாற்றுத் தேடியவன் மனிதனே. 1847-இல் வியன்னா பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், வைத்தியர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தாய்மார்களின் சாவு வெகுவாய்க் குறைந்தது. கிருமி இன்னதென்று தெரியாத காலத்திலேயே இது நடந்தது! அங்கே சுத்தமானது கையா, தலையெழுத்தா?

ஆகவே தோழர்களே, நோயாளியைப் பார்க்கப் போனால் திருநீற்றைப் புண்ணின்மேல் பூசாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள். தொட வருகிறவர் டாக்டரே ஆனாலும், "கை கழுவினீர்களா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, அதுதான் பகுத்தறிவு.