புகார்தாரர் இல்லாத குற்றம்

அரசு ஊழியர் முறைகேடாகப் பெறும் பணத்தைக் குறிக்கத் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் லஞ்சம், மாமூல் என்னும் இரண்டு சொற்கள் உள்ளன. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை குறிக்கும் செயல்கள் வேறுவேறு. லஞ்சம் என்பது ஒரு காரியத்துக்காக ஒரு முறை கேட்டு வாங்குவது. மாமூல் என்பது கேட்காமலே மாதந்தோறும் வந்து சேர்வது. அரபு மொழியில் தோன்றி உருது வழியாகத் தமிழுக்கு வந்த மாமூல் என்ற சொல்லின் பொருளே ‘வழக்கம்’ என்பதுதான். மழை வெள்ளம் வடிந்த பின் ஊர் மாமூல் நிலைக்குத் திரும்பியது என்று எழுதும்போதும், கடைக்காரர் காவலருக்கு மாமூல் கொடுத்தார் என்று எழுதும்போதும் செய்தித்தாள்கள் கையாள்வது இந்த ஒரே சொல்லைத்தான். தாய்லாந்து மொழியிலும் இதற்கு இணையான சொல் ஒன்று உண்டு. அங்கே ‘சுவாய்’ என்பது பழங்காலத்தில் மன்னருக்குக் குடிகள் செலுத்திய திறையைக் குறித்தது. இன்று சூதாட்ட விடுதியும் மதுக்கடையும் காவலருக்குச் செலுத்தும் மாதப் பணத்தைக் குறிக்கிறது. ஒரு மொழி குற்றத்துக்கு வழக்கத்தின் பெயரையும், மற்றொரு மொழி வரியின் பெயரையும் சூட்டியிருப்பதிலிருந்தே, இரு நாட்டு மக்களும் அதை எவ்வளவு பழகிப்போன ஒன்றாகக் கருதுகிறார்கள் என்பது விளங்கும்.

இந்தச் சொல் வேறுபாடு சட்டத்தின் செயல்பாட்டோடும் நெருங்கிய தொடர்புடையது. லஞ்சம் கேட்கப்படும்போது பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருப்பதால், அவர் புகார் கொடுக்கக்கூடும். மாமூலில் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே ஆதாயம் அடைவதால் புகார்தாரர் என்று எவரும் இருப்பதில்லை. பாதிப்போ சந்தையில் விற்கப்படும் தடை செய்யப்பட்ட பொருளின் வழியாகப் பொதுமக்களைச் சேர்கிறது. உயர் காவல் அதிகாரிகள் மீது எழும் ஊழல் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையாக இருப்பதும், அவை தீர்ப்பு வரை செல்வது அரிதாக இருப்பதும் இதன் விளைவே.

முதல் வகைக்குத் தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று, அமலாக்கத் துறையின் மதுரை அலுவலகத்தைச் சேர்ந்த அங்கித் திவாரி என்ற அதிகாரியை, 20 லட்சம் ரூபாய் லஞ்சம் பெற்றதாகத் தமிழ்நாடு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையினர் கைது செய்தனர். அமலாக்கத் துறை என்பது கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் குற்றங்களை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பு. திவாரி காவல் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்றாலும் விசாரணை அதிகாரம் கையில் உள்ளவர் என்பதால் இவ்வழக்கு இங்கே பொருந்துகிறது. முடிந்துபோன ஒரு பழைய வழக்கைக் காட்டி அரசு மருத்துவர் ஒருவரிடம் அவர் முதலில் 3 கோடி ரூபாய் கேட்டதாகவும், பின்னர் அதை 51 லட்சமாகக் குறைத்ததாகவும், நவம்பர் 1 அன்று முதல் தவணையாக 20 லட்சம் பெற்றதாகவும் ஊழல் தடுப்புத் துறையின் குற்றச்சாட்டு கூறுகிறது. நவம்பர் 30 அன்று திண்டுக்கல் பிரிவில் புகார் பதிவானது; மறுநாளே கைது நடந்தது. இவ்வழக்கின் விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்ததையும், அதே ஆண்டு மார்ச்சில் அவருக்கு இடைக்காலப் பிணை வழங்கியதையும் சேர்த்தே இதை நோக்க வேண்டும். எனினும், புகார்தாரர் ஒருவர் முன்வந்தால் கைது வரையிலான வழி ஒரே நாளில் கடக்கப்படுகிறது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

சட்டமும் இந்த வழிக்குத் தனிச் சலுகை தருகிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 17ஏ என்னும் பிரிவின்படி, அரசு ஊழியர் தம் பணியில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை தொடர்பான குற்றச்சாட்டை விசாரிக்கத் தொடங்குவதற்கு முன்பே அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆனால் பணம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபடுபவரைக் கைது செய்ய அத்தகைய ஒப்புதல் தேவையில்லை. ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளைப் புகார்தாரர் வழியாகக் கொடுத்து, வாங்கியவரின் விரல்களைச் சோடா உப்புக் கரைசலில் நனைத்து, அது இளஞ்சிவப்பாக மாறுவதைச் சாட்சிகள் முன் காட்டும் பொறி வைத்தல் என்ற முறை இதனால்தான் கீழ்நிலை ஊழியர்கள் மீதான வழக்குகளில் பெரிதும் கையாளப்படுகிறது.

அந்தப் பொறியில் உயர் அதிகாரி சிக்குவதில்லை என்பதற்குக் காவல் துறையின் அடுக்கமைப்பே காரணம். எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள சாணார்பட்டி காவல் நிலைய ஆய்வாளருக்கு மேலே துணைக் கண்காணிப்பாளர், திண்டுக்கல்லில் மாவட்டக் கண்காணிப்பாளர், சரகத் துணைத் தலைவர், மதுரையில் தென் மண்டலத் தலைவர், சென்னையில் தலைமை இயக்குநர் என்று படிகள் அமைந்துள்ளன. அங்கே நத்தம் சாலையோரப் பெட்டிக்கடை ஒன்றில் தடை செய்யப்பட்ட புகையிலைப் பாக்கெட் விற்கப்படுவதை அனுமதிக்க யாரேனும் பணம் பெற்றால், அந்தப் பணம் கடைக்காரரின் கண்ணில் படுவது முதற்படியில் மட்டுமே. அதற்கு மேல் அது செல்கிறதா, எந்தப் படி வரை செல்கிறது என்பதைக் கடைக்காரர் அறிய வழியில்லை, அறிந்தவரோ சொல்லப்போவதில்லை. எனவே மேற்படிகளைப் பற்றிய தடயம் ஒன்று கிடைக்க வேண்டுமானால் அது பணம் கொடுப்பவரின் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் குட்கா வழக்கு அவ்வாறு தொடங்கியதே. குட்கா என்பது புகையிலை, பாக்கு, சுண்ணாம்பு, மணப்பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்து மெல்வதற்காகச் செய்யப்படும் கலவை. அதன் உற்பத்தியும் விற்பனையும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 மே மாதத்தில் இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டன. தடைக்குப் பின்னரும் பொருள் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்த நிலையில், 2016 ஜூலை 8 அன்று சென்னையில் குட்கா உற்பத்தியாளர் ஒருவரின் இடங்களில் வருமான வரித் துறையினர் சோதனை நடத்தினர். அவர்கள் தேடிச் சென்றது வரி ஏய்ப்பை. கிடைத்ததோ அமைச்சர் ஒருவரும் காவல், உணவுப் பாதுகாப்பு, மத்திய கலால் துறைகளின் அதிகாரிகளும் பணம் பெற்றதாகக் குறிப்புகள் கொண்ட கணக்கு. சென்னை மாநகரக் காவல் ஆணையர் பதவியைக் குறிப்பதாகக் கருதப்பட்ட பதிவுகளும் அதில் இருந்தன. வருமான வரித் துறைக்கு ஊழல் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் இல்லாததால், அத்துறையின் முதன்மை இயக்குநர் 2016 ஆகஸ்டில் மாநிலத் தலைமைச் செயலாளருக்கும் காவல் துறைத் தலைமை இயக்குநருக்கும் விவரங்களைக் கடிதமாக அனுப்பினார்.

அக்கடிதத்தின் பயணமே இவ்வழக்கின் மையம். ஓராண்டுக்குப் பின், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தபோது, அக்கடிதம் தலைமைச் செயலாளர் அலுவலகத்தில் கிடைக்கவில்லை என்று அரசுத் தரப்பு தெரிவித்தது. 2017 ஜூலையில் நீதிமன்றம் மாநில ஊழல் தடுப்புத் துறையின் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு காரணத்துக்காகப் மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் போயஸ் தோட்ட இல்லத்தில் வருமான வரித் துறையினர் சோதனையிட்டபோது, அவருடைய தோழி வி.கே. சசிகலா பயன்படுத்திய அறையில், 2016இல் தலைமை இயக்குநராக இருந்தவர் ஜெயலலிதாவுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 2 என்ற தேதியிட்டு எழுதிய கடிதமும், அதனுடன் இணைக்கப்பட்ட வருமான வரித் துறைக் கடிதமும் கிடைத்ததாக அத்துறை பின்னர் உயர் நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலம் அளித்தது. அரசு அலுவலகத்தில் இல்லாத ஆவணம் தனியார் இல்லத்தில் இருந்தது என்பதுதான் அந்த வாக்குமூலத்தின் சாரம்.

மாநில ஊழல் தடுப்புத் துறையில் பணிபுரிவோர் காவல் துறையிலிருந்தே அனுப்பப்படுபவர்கள் என்பதால், காவல் துறையின் உச்சியைத் தொடும் குற்றச்சாட்டை அவர்கள் விசாரிப்பது பொருத்தமன்று என்ற வாதம் எழுந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரல் 26 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜியும் நீதிபதி அப்துல் குத்தூஸும் அடங்கிய அமர்வு, விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையான சி.பி.ஐ.க்கு மாற்றியது, உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிடவில்லை. செப்டம்பர் 5 அன்று, பதவியில் இருந்த தலைமை இயக்குநர் டி.கே. ராஜேந்திரன், முன்னாள் சென்னை ஆணையர் எஸ். ஜார்ஜ், அமைச்சர் சி. விஜயபாஸ்கர் ஆகியோரின் வீடுகள் உட்படப் பல இடங்களில் சி.பி.ஐ. சோதனை நடத்தியது. இவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். ஜார்ஜ், இது குறித்து விசாரிக்குமாறு 2016 டிசம்பரில் தாமே அரசுக்கு எழுதியதாகச் செய்தியாளர்களிடம் கூறினார். அரசு ஊழியர்கள் மீது நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவதற்கு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அரசின் அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. அந்த அனுமதியைச் சி.பி.ஐ. கோரியது 2022இல்தான். திண்டுக்கல்லில் புகாருக்கும் கைதுக்கும் இடையே ஓர் இரவு. இங்கே கணக்குப் புத்தகம் கிடைத்ததற்கும் வழக்கு நடத்த அனுமதி கேட்டதற்கும் இடையே ஆறு ஆண்டுகள். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படும் வரை எவரும் குற்றவாளி ஆகார் என்பதால், இந்தத் தாமதம் குற்றம் செய்தவரைக் காக்கிறது என்றால், குற்றம் செய்யாதவரை அதே அளவுக்குத் தண்டிக்கவும் செய்கிறது.

தாய்லாந்தின் அண்மைக்கால நிகழ்வுகள் இதே உண்மையை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. அங்கே 2014 நவம்பரில் மத்தியப் புலனாய்வுப் பிரிவின் தலைவராக இருந்த பொங்பாட் சாயாபன் ஊழல் உள்ளிட்ட குற்றங்களுக்காகக் கைதாகித் தண்டனை பெற்றார். இணையச் சூதாட்டப் பணம் தொடர்பான குற்றச்சாட்டு தேசியக் காவல் துணைத் தலைவர் சுரசேட் ஹக்பர்ன் மீது எழுந்து, அவருக்கும் தேசியக் காவல் தலைவர் தோர்சக் சுக்விமோலுக்கும் இடையிலான பூசல் முற்றிய நிலையில், 2024 மார்ச் 20 அன்று பிரதமர் சிரெத்தா தவிசின் இருவரையுமே தற்காலிகமாகத் தம் அலுவலகத்துக்கு மாற்றினார். சுரசேட் குற்றச்சாட்டை மறுத்தார். தோர்சக் சில மாதங்களில் பதவிக்குத் திரும்பினார். சென்னையில் வேறொரு துறையின் சோதனையால் வெளிவந்தது, பாங்காக்கில் துறைக்குள்ளேயே எழுந்த போட்டியால் வெளிவந்தது. இரண்டு இடத்திலும் குடிமகனின் புகார் அதை வெளிக்கொணரவில்லை.

ஆகவே இத்தகைய குற்றச்சாட்டைக் கொண்டுவரும் காகிதம் எந்த மேசைக்குச் செல்கிறது என்பதுதான் முதன்மையான வினாவாகிறது. காவல் துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஏழு கட்டளைகளுள் ஒன்று இதற்கு விடை தந்தது: காவல் துறையினர் மீதான புகார்களை விசாரிக்க, மாநில அளவில் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்கும் புகார் ஆணையங்கள் அமைய வேண்டும். தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றி அத்தகைய ஆணையங்களுக்கு வழிசெய்தது. ஆனால் நீதிபதியின் இடத்தில், மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக அமர்த்தியது. மாவட்ட ஆணையத்தில் காவல் கண்காணிப்பாளரும், மாநில ஆணையத்தில் தலைமை இயக்குநரும் உறுப்பினர்கள்.

அதாவது, சாணார்பட்டியில் ஒருவர் காவல் நிலையத்தைப் பற்றி எழுதும் புகார், திண்டுக்கல்லில் அந்நிலையத்தை நிர்வகிக்கும் அதிகாரியும் அமர்ந்திருக்கும் மேசைக்கே செல்கிறது. உயர் அதிகாரிகளைப் பற்றிய புகாருக்குச் சட்டம் காட்டும் இடம் சென்னையில் உள்ள மாநில ஆணையம். 2016 ஆகஸ்டில் வருமான வரித் துறையின் கடிதம் அனுப்பப்பட்டது இரண்டு முகவரிகளுக்கு. அவற்றுள் ஒன்றான தலைமை இயக்குநர் அலுவலகம் இன்றும் அந்த ஆணையத்தில் ஓர் இருக்கையாக இருக்கிறது.