மக்காச்சோளம் உரிப்போர்

(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டுக் குழுவுக்குப் பெயர் வைப்பதென்றால் சிங்கம், புலி என்றுதான் பலரும் வைப்பார்கள். வயல் வேலையின் பெயரைத் தாங்கிய குழுவும் உண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவின் பெயர் 'கார்ன்ஹஸ்கர்ஸ்'. மக்காச்சோளக் கதிரின் மேலுறையை உரிப்பவர்கள் என்று பொருள்.

1890-களில் இக்குழுவைப் 'பூச்சி தின்னிகள்' என்று அழைத்தனர். லிங்கன் நகரப் பத்திரிகையாளர் சை ஷெர்மனுக்கு அது பிடிக்கவில்லை. 1900-ஆம் ஆண்டு வாக்கில் அவர் எழுதி எழுதியே புதுப் பெயரை நிலைக்கச் செய்தார். எனக்கும் புதுப் பெயர்தான் பிடிக்கிறது!

இனி, அந்த வேலையைப் பார்ப்போம். உரிப்பவர் உள்ளங்கையில் தோல்பட்டை கட்டி, அதில் சிறு இரும்புக் கொக்கி பொருத்தியிருப்பார். நிற்கும் தட்டையிலேயே கொக்கியால் உறையைக் கிழித்து, கதிரை ஒடித்து, பக்கத்தில் நகரும் குதிரை வண்டியில் வீச வேண்டும். வண்டியின் மறுபக்கத்தில் உயரமான பலகை இருக்கும். கதிர் அதில் மோதி உள்ளே விழும். குளிர் தொடங்கிய பிறகும் இவ்வேலை நடக்கும். காய்ந்த கதிரை உரித்துக் கை கிழிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த வேலையே ஒரு விளையாட்டாகவும் ஆயிற்று. பக்கத்து மாநிலமான அயோவாவில் ஹென்றி வாலஸ் என்பவர் 1920-களில் உரிக்கும் போட்டியைத் தொடங்கி வைத்தார். நேரம் 80 நிமிடம். வயலில் விட்டுவிட்ட கதிருக்கும், கதிரில் ஒட்டியிருந்த உறைக்கும் எடை கழிக்கப்படும். வேகம் மட்டும் போதாது என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. 1930-களில் தேசியப் போட்டியைக் காணப் பல்லாயிரம் பேர் திரண்டனர்.

அதே வாலஸ்தான் 1926-ல் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனத்தையும் தொடங்கினார். சாயாமல் நிற்கும் வீரிய ஒட்டுப் பயிர், கதிர் பறிக்கும் இயந்திரத்துக்கு ஏற்றதாக அமைந்தது. தேசியப் போட்டி 1941-ஓடு நின்றது. உலகப் போர் ஒரு காரணம், இயந்திரம் மற்றொன்று.

நெப்ராஸ்காவுக்கு அதற்கு முன் வேறொரு பட்டப்பெயர் இருந்தது. 1872-ல் அமெரிக்காவின் முதல் மரம் நடும் நாளைக் கொண்டாடிய மாநிலம் அது. அந்தப் பெருமையால் 1895-ல் 'மரம் நடுவோர் மாநிலம்' என்று பெயரிட்டிருந்தனர். 1945-ல் அதை நீக்கி, ஆட்டக் குழுவின் பெயரையே மாநிலத்துக்குச் சூட்டினர்: 'கார்ன்ஹஸ்கர் மாநிலம்'. அப்போது வயல்களில் கொக்கி கட்டிய கைகள் குறையத் தொடங்கிவிட்டன.